ஒரே குளிரில் எண்ணெய் கல்லாகிறது, வாளித் தண்ணீர் ஏன் உறையவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டின் லைன் வீட்டில் இருக்கிறீர்கள். ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது அலமாரியில் தேங்காய் எண்ணெய் பாட்டில் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. பக்கத்திலேயே இருந்த நல்லெண்ணெய் எப்போதும் போல அசைந்தது. வாசலில் வாளித் தண்ணீர் கை வைக்க முடியாதபடி குளிர்ந்திருந்தாலும் தண்ணீராகவே இருந்தது. நாலு எட்டு தள்ளிப் புல்வெளியோ வெள்ளை வெளேரென்று ஐஸ் பூத்துக் கிடந்தது. ஆபீஸ் தெர்மாமீட்டர் 3 டிகிரிதான் காட்டியதாம். "ஒரே குளிர்தானே எல்லாத்தையும் பிடிக்குது, ஏன் ஒண்ணு ஒண்ணும் ஒரு மாதிரி?" என்று எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டிருக்கிறாள். எண்ணெயில் கலப்படம் இருக்குமோ என்று உங்களுக்கும் ஒரு சந்தேகம். இவ்வளவும் சேர்ந்து உண்மையில் ஒரே கேள்விதான்: ஒரு பொருள் குளிரும்போது அதற்குள் என்ன நடக்கிறது, எந்த இடத்தில் அது நிலை மாறுகிறது?

நான் மார்த்தாண்டத்துக்காரன். நாகர்கோவிலில் டிப்ளமோ முடித்துவிட்டு 31 வருடம் ஐஸ் பிளான்ட்களில் வேலை பார்த்தேன். குளச்சலில் தொடங்கி விழிஞ்ஞம், நீண்டகரை வரை கடற்கரையோரமாகவே போய்விட்டது வாழ்க்கை. தண்ணீர் உறைவதையும் அமோனியா கொதிப்பதையும் தினமும் கையால் தொட்டு அறிந்தவன் என்பதால் அந்த விஷயங்களில் தைரியமாகப் பேசுவேன். எண்ணெயைப் பற்றியும் தேயிலையைப் பற்றியும் சொல்லப்போவது நான் படித்தறிந்தது. அந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மகள் சொன்ன வாக்கியத்திலிருந்தே தொடங்கலாம். "குளிர் பிடிக்குது" என்பது நாம் எல்லோரும் பேசுகிற பேச்சு. ஆனால் குளிர் என்று ஒன்று வெளியிலிருந்து வந்து பொருளுக்குள் நுழைவதில்லை. பொருளில் இருக்கும் வெப்பம் வெளியே போகிறது, அவ்வளவுதான். சூடான சாயாவை மேசையில் வைத்தால் அதன் வெப்பம் டம்ளருக்கும் காற்றுக்கும் போகிறது. போகப் போகச் சாயா ஆறுகிறது. ஆகவே எந்தப் பொருள் குளிர்ந்தாலும் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். அதன் வெப்பம் எந்த வழியில், எவ்வளவு வேகமாக வெளியே போகிறது? அந்தப் பொருள் எவ்வளவு வெப்பத்தை இழந்தால் நிலை மாறும்? நீங்கள் சொன்ன நான்கு பொருள்களும் ஒரே இரவில்தான் குளிர்ந்தன. ஆனால் இந்த இரண்டு கேள்விக்கும் அவை நான்கும் நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன.

எண்ணெயை முதலில் எடுத்துக்கொள்வோம், அது எளிது. எந்தப் பொருளிலும் மூலக்கூறுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கின்றன. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டும் இருக்கின்றன. சூடு அதிகமாக இருக்கும்போது அசைவு ஜெயிக்கிறது, பொருள் திரவமாக ஓடுகிறது. வெப்பம் போகப் போக அசைவு அடங்கி, ஒரு கட்டத்தில் இழுப்பு ஜெயிக்கிறது. மூலக்கூறுகள் வரிசையில் அடுக்கிக்கொண்டு திடமாகின்றன. அந்தக் கட்டம்தான் உறைநிலை. அது எங்கே வரும் என்பது மூலக்கூறின் வடிவத்தைப் பொறுத்தது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதன் சங்கிலிகள் வளைவில்லாமல் நேராக இருப்பதால் விறகுக் கட்டு மாதிரி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். அதனால் 24 டிகிரி அளவிலேயே அது உறையத் தயாராகிவிடுகிறது. நல்லெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாத கொழுப்பு. அந்தச் சங்கிலிகளில் மடிப்புகள் இருக்கின்றன. கோணல் விறகை எப்படி அடுக்கினாலும் இடைவெளி விழுவது போல அவை ஒன்றோடொன்று எளிதில் பொருந்துவதில்லை. அது இறுக வேண்டுமென்றால் பூஜ்ஜியத்துக்கும் கீழே போக வேண்டும். உங்கள் வீட்டுக்குள் அன்றைக்கு 10 அல்லது 12 டிகிரி இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய்க்கு அது தன் உறைநிலையைவிட ரொம்பக் கீழே. நல்லெண்ணெய்க்கோ அது இன்னும் வெதுவெதுப்பான இடம்தான்.

கலப்படச் சந்தேகத்துக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் உறைந்தால் சுத்தம், உறையாவிட்டால் கலப்படம் என்று நம் பக்கம் எல்லோரும் சொல்வதுண்டு. பாதி மட்டும் உண்மை. மலைக் குளிரில், 10 டிகிரியில், ஒரு தேங்காய் எண்ணெய் துளியும் இறுகாமல் ஓடினால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். மறுபக்கம் செல்லாது. எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய் தேங்காய் எண்ணெயைப் போலவே, ஏறக்குறைய அதே வெப்பநிலையில் உறையும். வேறு மலிவான எண்ணெய் கொஞ்சம் கலந்திருந்தாலும் பாட்டில் இறுகத்தான் செய்யும். ஆகவே உங்கள் எண்ணெய் உறைந்தது என்பதை மட்டும் வைத்து அது சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன், கலப்படம் என்றும் சொல்ல மாட்டேன். அதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். இன்னொன்று. எங்கள் ஊரில் மார்கழிக் காலைகளில் பாட்டிலின் மேல்பாதி தெளிவாகவும் அடிப்பாதி ரவை போட்டது போலவும் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறைய பேர். அது இயல்பு. எண்ணெய் ஒரே ஒரு பொருள் இல்லை, பல கொழுப்புகளின் கலவை. சீக்கிரம் உறைகிற பகுதி முதலில் இறுகி, கனம் கூடி, அடியில் தங்குகிறது.

அந்த "அடியில் தங்குகிறது" என்பதை மகளுக்குக் காட்டுங்கள். உறைந்த எண்ணெய் எண்ணெயில் மூழ்கும். நெய்யும் மெழுகும் அப்படித்தான். உறையும்போது சுருங்குவதால்தான் நெய் ஜாடியில் நடுவே குழி விழுகிறது. தண்ணீர் இதற்கு நேர்மாறு. உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிந்து ஐஸ் மிதக்கிறது. குளிர்ந்தால் எல்லாம் சுருங்கும் என்று பள்ளியில் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம். நாம் தினமும் குடிக்கிற பொருளே அந்த வரிக்குள் அடங்கவில்லை.

சரி, வாளித் தண்ணீர். இங்கேதான் என் முப்பது வருட வேலையே இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர 30 கிலோ கலோரி வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். பூஜ்ஜியத்தைத் தொட்டதும் ஐஸ் ஆகிவிடும் என்றுதான் புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் நினைப்பார்கள். ஆகாது. பூஜ்ஜியத்தில் இருக்கும் அந்தத் தண்ணீர் பூஜ்ஜியத்திலேயே ஐஸ் ஆவதற்கு இன்னும் 80 கிலோ கலோரியை எடுக்க வேண்டும். அவ்வளவு வெப்பம் வெளியே போகிறது, தெர்மாமீட்டரோ நகர்வதே இல்லை. முழுவதும் ஐஸ் ஆன பிறகு அதை மைனஸ் 10-க்குக் கொண்டுபோக வெறும் 5 கிலோ கலோரி போதும். 30, 80, 5. இந்த மூன்று எண்களைப் புரிந்துகொண்டவருக்கு ஐஸ் தொழிலின் பாதி புரிந்தது போலத்தான்.

அந்த 80-க்குப் பாடப்புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்று பெயர். பழைய புத்தகங்களில் மறைவெப்பம். 1760-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் இதை எளிமையான சோதனையில் காட்டினார். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் உறைநிலையில் இருக்கும் ஐஸ், மற்றொன்றில் கிட்டத்தட்ட அதே குளிர்ச்சியில் தண்ணீர். இரண்டையும் ஒரே அறையில் விட்டார். தண்ணீர் அரை மணி நேரத்தில் ஏறிய சூட்டுக்கு ஐஸ் வந்து சேரப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் அறையின் வெப்பம் அதற்குள் போய்க்கொண்டுதான் இருந்தது. அது சூட்டைக் கூட்டப் பயன்படவில்லை, ஐஸின் கட்டைப் பிரிக்கப் பயன்பட்டது. உறையும்போது நடப்பது இதன் மறுபக்கம். மூலக்கூறுகள் அடுக்கிக்கொள்ளும்போது அந்த வெப்பத்தை வெளியே விடுகின்றன. அதை யாராவது அல்லது ஏதாவது வாங்கிக்கொண்டு போனால்தான் அடுத்த வரிசை அடுக்க முடியும். வெப்பம் போவதும் வெப்பநிலை குறைவதும் ஒரே விஷயம் இல்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். நிலை மாறும் இடத்தில் முதலாவது நடக்கும், இரண்டாவது நின்றுவிடும்.

எங்கள் பிளான்ட்டில் அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு போவது அமோனியா. சாதாரணக் காற்றழுத்தத்தில் திரவ அமோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும். கொதிக்க வெப்பம் வேண்டுமல்லவா, அதைத் தன் குழாயைச் சுற்றித் தொட்டியில் நிற்கும் உப்புத் தண்ணீரிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. அதாவது ஒன்று கொதிப்பதால் இன்னொன்று குளிர்கிறது. ஆவியான அமோனியாவைக் கம்ப்ரசர் இழுத்து, காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 13 மடங்குக்கு அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் அது 35 டிகிரியிலேயே திரவமாகிவிடும். அப்போது, தான் சுமந்து வந்த வெப்பத்தைக் கண்டென்சரில் (ஆவி திரவமாகும் பகுதி) உள்ள தண்ணீரில் கொட்டிவிட்டு மறுபடி தொட்டிக் குழாய்க்குத் திரும்புகிறது. தொட்டியில் இருப்பது வெறும் தண்ணீராக இருந்தால் அதுவே உறைந்து குழாயைக் கவ்விக்கொள்ளும். அதனால்தான் உப்பு கரைக்கிறோம். தண்ணீர் மூலக்கூறுகள் அடுக்கிக்கொள்வதை உப்பு கெடுக்கும். 23 சதவீதம் அளவுக்குக் கரைத்தால் மைனஸ் 21 வரை தண்ணீர் உறையாது. மைனஸ் 10-இல் ஓடிக்கொண்டிருக்கும் அந்த உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை இறக்கி வைத்தால் அவை ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும்.

ஓரத்திலிருந்து உள்நோக்கி என்பதுதான் முக்கியம். முதலில் உறைகிற ஐஸ் சுவரே பிறகு வரும் வெப்பத்துக்குத் தடையாகிவிடுகிறது. சுவர் தடிக்கத் தடிக்க வெப்பம் வெளியே வருவது மெதுவாகும். 6 அங்குலத் தடிமன் கேன் மைனஸ் 10 உப்புத் தண்ணீரில் உறைய 14 மணி நேரம் ஆகும். 11 அங்குலத்துக்கு இரண்டு நாள் பிடிக்கும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் நான் இருந்த பிளான்ட்டில் பெரிய கேன்கள் வாங்கினார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்குத் தடிமன், அதனால் இரண்டு மடங்கு நேரம் என்று கணக்குப் போட்டார்கள். நானும் தலையாட்டினேன். 28-ஆவது மணி நேரத்தில் முதல் வரிசையைத் தூக்கி, வழக்கம் போலச் சாதாரணத் தண்ணீரில் முக்கி, கேனைக் கவிழ்த்தோம். வெளியே விழுந்த ஐஸ் பார் நொறுங்கி உள்ளேயிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொட்டியது. வெளியே படகுக்காரர்கள் கூடையோடு காத்து நின்றார்கள். அன்று இரவு கரையில் ஐஸ் இல்லாமல் கெட்டுப்போன மீனை இன்றும் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் டிப்ளமோவில் படித்த சூத்திரத்தை எடுத்து ஒழுங்காகப் படித்தேன்.

மீன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஐஸ் குளிர்ச்சியாக இருப்பதால் மீனைக் காக்கிறது என்று நினைக்கிறோம். அதைவிட, உருகுவதால் காக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது அதே 80 கிலோ கலோரியை மீனிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. கடைசித் துண்டு உருகும் வரை பெட்டிக்குள் பூஜ்ஜியத்தைத் தாண்டி ஏறுவதில்லை. மீனின் உடலில் உப்பு இருப்பதால் பூஜ்ஜியத்தில் அது உறைந்து கெட்டியாவதும் இல்லை. இதைவிடப் பொருத்தமான குளிர்பெட்டியை யாரும் வடிவமைத்திருக்க முடியாது. உங்கள் ஊர் ஹோட்டல்களில் ஏசியை "ஒன்றரை டன்" என்று சொல்கிறார்களே, அந்த டன்னும் ஐஸ் தொழிலிலிருந்து வந்ததுதான். 907 கிலோ எடையுள்ள ஒரு அமெரிக்க டன் தண்ணீரை 24 மணி நேரத்தில் பூஜ்ஜியத்தில் ஐஸாக்க எவ்வளவு வெப்பத்தை எடுக்க வேண்டுமோ அந்த வேகம் ஒரு டன்.

இப்போது உங்கள் வாளியைப் பாருங்கள். 10 லிட்டர் தண்ணீர், மாலையில் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பூஜ்ஜியத்துக்கு வரவே 150 கிலோ கலோரி போக வேண்டும். அப்புறம் முழுவதும் உறைய 800 போக வேண்டும். வாங்கிக்கொள்ள எதிரில் இருப்பது என்ன? மைனஸ் 10 உப்புத் தண்ணீர் இல்லை, 3 டிகிரியில் நிற்கும் காற்று. பூஜ்ஜியத்துக்கு மேலே இருக்கும் காற்று தன்னைவிடக் குளிர்ந்த தண்ணீரிலிருந்து வெப்பத்தை வாங்க முடியாது. போதாக்குறைக்கு, மேல்பரப்பில் குளிர்ந்த தண்ணீர் கனம் கூடிக் கீழே இறங்க, அடியில் இருக்கும் வெதுவெதுப்பு மேலே வருகிறது. 4 டிகிரி வரும் வரை இந்தச் சுற்று ஓயாது. 4 டிகிரியில்தான் தண்ணீர் மிகவும் அடர்த்தி. அதற்குக் கீழே போனால் லேசாகி மேலேயே தங்கும். ஆகவே வாளி முழுவதும் 4-ஐத் தொட்ட பிறகுதான் மேல்பரப்பு தனியாகக் குளிரத் தொடங்க முடியும். ஒரு இரவு அதற்குப் போதவில்லை, விடிந்துவிட்டது.

அப்படியானால் அதே 3 டிகிரிக் காற்றில் புல்லில் ஐஸ் எப்படி வந்தது? உங்கள் கேள்வியில் மிகவும் அருமையான இடம் இதுதான். தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஆள் உயரத்தில், கூரையுள்ள பெட்டிக்குள் இருக்கும் காற்றைத்தான் அளக்கிறது. புல் வேறு வழியில் வெப்பத்தை இழக்கிறது. எல்லாப் பொருள்களும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அது திருப்பி அனுப்பும். மேகமில்லாத, காற்றசையாத ஜனவரி இரவில் புல்லின் வெப்பம் நேராக வானத்துக்குப் போய்விடுகிறது, திரும்பி வருவது குறைவு. புல் மெல்லியது, அதில் சேமிப்பு இல்லை. தரையின் வெப்பமும் அதற்கு எளிதில் ஏறுவதில்லை. ஆகவே புல் நுனி தன்னைச் சுற்றியிருக்கும் காற்றைவிட 4, 5 டிகிரி கூடக் குறைந்து பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விட முடியும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கும். செண்டுவாரை, சிட்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கங்களில் சரிவைவிடத் தாழ்ந்த புல்வெளிகள் முதலில் வெளுப்பதற்குக் காரணம் இது.

அந்த ஐஸ் மேலேயிருந்து விழுந்ததில்லை. தமிழில் "பனி பெய்தது" என்று சொல்லிச் சொல்லி நமக்கு அப்படியொரு படம் மனதில் பதிந்துவிட்டது. பனி என்ற ஒரே சொல்லில் பனித்துளி, மூடுபனி, உறைபனி, இமயமலைப் பனி எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். உங்கள் பக்கம் மலையாளத்தில் "மஞ்ஞு" என்று அதையே செய்கிறார்கள். (அங்கே பனி என்றால் காய்ச்சல் என்பது தனிக் கதை.) மூணாறில் "மஞ்ஞு விழுந்தது" என்று கேட்டதும் வெளியூர்க்காரர்கள் பஞ்சு பஞ்சாக வானிலிருந்து கொட்டியது என்றே நினைக்கிறார்கள். உண்மையில் புல்லை ஒட்டியுள்ள காற்றில் இருந்த நீராவி, பூஜ்ஜியத்துக்குக் கீழே போன புல்லைத் தொட்டதும் அங்கேயே படிகிறது. தண்ணீராகாமலே நேராக ஐஸாகப் படிந்தால் ஊசி ஊசியாக, இறகு மாதிரி இருக்கும். முதலில் பனித்துளியாகி அப்புறம் உறைந்திருந்தால் கண்ணாடி மணி மாதிரி இருக்கும். ஒரே புல்வெளியில் இரண்டும் நடக்கும். பக்கத்தில் குனிந்து பார்த்தால்தான் எது என்று சொல்லலாம்.

பனித்துளி விழுவதில்லை, குளிர்ந்த பொருளின் மேல் உருவாகிறது என்பதை 1814-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் நிறுவினார். ஒரு பலகையைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, பலகைக்கு மேலே ஒரு சிட்டிகைக் கம்பளியும் அடியில் ஒரு சிட்டிகைக் கம்பளியும் கட்டினார். வானம் தெரிந்த கம்பளி அதிக ஈரம் சேர்த்தது, வானம் மறைந்தது குறைவாகச் சேர்த்தது. ஆனால் இந்த அறிவை வைத்து நம் நாட்டில் அதற்கு முன்பே தொழில் நடந்தது. ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1775-இல் எழுதி வைத்திருக்கிறார். அலகாபாத் பக்கம் இரண்டடி ஆழக் குழி வெட்டி, காய்ந்த கரும்புத் தட்டையைப் பரப்பி, அதன் மேல் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்களாம். தெளிந்த குளிர்கால இரவில், காற்று பூஜ்ஜியத்துக்கு மேலே இருக்கும்போதே தட்டில் ஐஸ் கட்டிவிடும். விடிவதற்குள் அதைச் சேகரித்துவிடுவார்கள். மின்சாரம் இல்லை, அமோனியா இல்லை, வானமே கண்டென்சர். சென்னையில் அந்த வசதி கிடையாது. அங்கே 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸில் அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டி மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்த ஐஸைச் சேமித்தார்கள். இப்போது அது விவேகானந்தர் இல்லம். என் தொழிலின் முன்னோர்கள் என்று நான் நினைப்பது ஐஸ் ஹவுஸ்காரர்களை அல்ல, அந்த மண் தட்டுக்காரர்களைத்தான்.

தேயிலை கருகுவதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இலைக்குள் ஐஸ் உருவாகும்போது அது செல்லுக்கு வெளியே தொடங்கி, செல்லுக்குள் இருக்கும் நீரை இழுத்துக்கொள்கிறது, செல் வற்றிச் சிதைகிறது என்பது உறுதி. "வெயில் பட்டால்தான் கருகும், வெயில் வருமுன் தண்ணீர் அடித்தால் பிழைக்கும்" என்று தோட்டங்களில் சொல்வதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. சேதத்தின் பெரும்பகுதி உறையும்போதே நடந்துவிடுகிறது என்பவர்களும் உண்டு, வேகமாக உருகுவதுதான் கெடுக்கிறது என்பவர்களும் உண்டு. உறுதியான ஒன்று வேறே இருக்கிறது. இரவிலேயே தெளிப்பானைத் தொடங்கி, தண்ணீர் இலை மேல் உறைந்துகொண்டே இருக்கும்படி விட்டால், உறையும் ஒவ்வொரு கிலோவும் 80 கிலோ கலோரியை இலைக்குக் கொடுக்கும். இலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். ஐஸ் போர்த்தி இலையைக் காப்பது கேட்கவே விசித்திரமாக இருக்கும், ஆனால் குளிர் நாடுகளின் பழத்தோட்டங்களில் இது நடைமுறை. நடுவில் நிறுத்திவிட்டால் மட்டும் ஆபத்து. ஈரம் ஆவியாகி இலையை இன்னும் குளிர்வித்துவிடும்.

மகளுக்கு ஒரு குழப்பம் வரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். பாலுக்கு உறை ஊற்றுகிறோம், ரப்பர் பாலை ஆசிட் விட்டு உறைய வைக்கிறோம், காயத்தில் ரத்தம் உறைகிறது. இவை எதுவும் குளிர்வதால் நடப்பவை இல்லை. புளிப்போ ஆசிடோ வேறு ரசாயன மாற்றமோ புரதத்தைத் திரள வைப்பதால் நடப்பவை, திரும்பச் சூடாக்கினால் பழைய பாலாகாது. எண்ணெயும் தண்ணீரும் எத்தனை முறை உறைந்தாலும் திரும்பும். கருப்பட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பதநீர் பாகு சிரட்டையில் ஊற்றியதும் ஆறி இறுகுவது குளிர்வதால்தான், ஆனால் அது கரைசலிலிருந்து சர்க்கரை படிகமாவது. கிண்டிக்கொண்டே சீக்கிரம் ஆற வைத்தால் பொடி மணியாகக் கருப்பட்டி. நூலைக் கட்டி வாரக்கணக்கில் அசைக்காமல் மெல்ல ஆற விட்டால் கண்ணாடி போலப் பனங்கற்கண்டு. குளிர்விக்கும் வேகம் பொருளின் உருவத்தையே மாற்றிவிடும் என்பதற்கு எங்கள் மாவட்டத்தில் இதைவிட நல்ல சாட்சி இல்லை. மீனை மெதுவாக உறைய வைத்தால் பெரிய ஐஸ் ஊசிகள் வளர்ந்து சதையைக் கிழிக்கின்றன, வேகமாக உறைய வைத்தால் சதை கெடாது என்பதும் இதே கணக்குதான்.

சூடான தண்ணீர் பச்சைத் தண்ணீரைவிடச் சீக்கிரம் உறையும் என்று யாராவது சொல்லி மகள் கேட்டால், அது முடிவாகாத வழக்கு என்று சொல்லுங்கள். தான்சானியாவில் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவர் 1963-இல் ஐஸ்கிரீம் செய்யும்போது கவனித்தார், 1969-இல் ஒரு பேராசிரியரோடு சேர்ந்து அதை வெளியிட்டார். 2016-இல் கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை. ஒரு சிக்கல், தண்ணீர் சில சமயம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கும், ஒரு தூசியோ தட்டலோ கிடைத்ததும் சட்டென்று உறையும். அது எப்போது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால் அளவுகள் ஆடுகின்றன. என் பிளான்ட் கேன்களில் சூடான தண்ணீர் முந்தியதை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

அடுத்த முறை வானம் தெளிவாக, காற்றில்லாமல் இருக்கும் இரவில் இரண்டு ஆழமில்லாத மண் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அரை அங்குலம் தண்ணீர். புல்லுக்குப் பக்கத்தில், பள்ளமான இடத்தில், ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி ஒன்றை அதன் மேல் வானம் பார்க்க வையுங்கள். மற்றதை அதே போல வைக்கோல் மேல் வைத்து, இரண்டடி உயரத்தில் ஒரு தகரத்தைக் கூரையாக நிறுத்துங்கள். பக்கத்தில் வாளியும் இருக்கட்டும். விடிவதற்கு முன்பே மகளை எழுப்பிக் கூட்டிப் போங்கள், வெயில் வந்தால் போச்சு. திறந்த தட்டில் ஐஸ் கட்டியிருந்தால் அது தட்டின் ஓரத்தில் தொடங்கியிருக்கிறதா, மேல்பரப்பில் ஊசி ஊசியாக ஓடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறைந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்பில் காட்ட வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினால் பத்து நிமிடத்தில் இளகிவிடும். குளிர்காலம் முடியும் வரை அகலவாய் ஜாடியில் ஊற்றி வைத்துக்கொண்டால் ஸ்பூனில் எடுத்துக்கொள்ளலாம்.